எழுத்துக்கு எண் இட்டவர் யார்?

நம் இல்லங்களில் அன்றாடம் ஓதப்படும் முஸ்ஹஃபை ஒருமுறை விரித்து, அதன் அச்சை மட்டும் சற்றே உற்று நோக்குவோமாக. வசனம் முடியும் இடத்தில் ஒரு வட்டம். சில வட்டங்களின் தலைமேல் சின்னஞ்சிறிய ‘ஐன்’ ஒன்று நிற்கும். அதைக் கண்டதும் ‘ருகூஉ’ முடிந்தது என்று அறிகிறோம். ஓரிடத்தில் மூச்சை விடாமல் சிறிது நிற்கச் சொல்லும் ‘ஸக்தா’ இருக்கும். இன்னோரிடத்தில் ‘வக்ஃபா’ இருக்கும். ஜுஸ்உவின் கால், அரை, முக்கால் பகுதிகளை ‘ருபுஉ’, ‘நிஸ்ஃப்’, ‘ஸலாஸா’ என்னும் சொற்கள் காட்டும். இவையெல்லாம் நமக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுமார்கள் விரல் வைத்துக் காட்டிய அடையாளங்கள். இந்தியத் துணைக்கண்டத்து முஸ்லிம்களின் கண்ணுக்கும் நாவுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகியவை.

எனினும், இந்த அடையாளங்களில் பலவற்றுக்கு 2016ஆம் ஆண்டு வரை உலகக் கணினிகளில் இடமே இருக்கவில்லை என்றால் வியப்பாக இருக்கும்.

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ‘அலிஃப்’ என்றால் இந்த எண், ‘அ’ என்றால் இந்த எண் என்று முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டால்தான் ஒரு கணினி எழுதியதை இன்னொரு கணினி படிக்கும். அந்த உடன்பாட்டையே நியமம் என்கிறோம். எண் பெறாத எழுத்து அவ்வுலகில் பிறவாத எழுத்து. அதன் இடத்தில் வெறும் கட்டம் ஒன்று தோன்றும். அல்லது வேறோர் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால், எழுத்துக்கு எண் கொடுப்பவர் யார்? கணினியை விற்கும் நிறுவனங்களா? எழுத்துக்கு உரிய சமுதாயமா? இந்த வினாவுக்கு வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புள்ளி பிறந்த வரலாறு

எழுத்துக்கு நியமம் வகுப்பது நமக்குப் புதிதன்று. மூன்றாம் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில், ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் தலைமையில் ஒரு குழு அமைந்து, முஸ்ஹஃபின் எழுத்துமுறை உறுதி செய்யப்பட்டுப் படிகள் பல நகரங்களுக்கும் அனுப்பப்பட்டதை நாம் அறிவோம். அப்படிகளில் இன்று நாம் காணும் புள்ளியும் இல்லை. ஸபர், ஸேர், பேஷும் இல்லை. அரபியைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கு அவை தேவைப்படவில்லை.

இஸ்லாம் அரபு எல்லையைக் கடந்து பரவியபோது தேவை பிறந்தது. அபுல் அஸ்வத் அத்துஅலீ வண்ணப் புள்ளிகளால் உயிரொலிகளைக் குறித்தார் என்றும், நஸ்ரு இப்னு ஆஸிம் முதலானோர் ஒத்த வடிவுள்ள எழுத்துகளைப் புள்ளியிட்டுப் பிரித்தனர் என்றும், பின்னர் கலீல் இப்னு அஹ்மத் இன்றைய உயிர்க்குறிகளுக்கு வடிவம் தந்தார் என்றும் இலக்கண வரலாறு கூறும். தேவை எங்கே எழுந்ததோ அங்கிருந்தே திருத்தம் வந்தது என்பது இதில் நாம் கருத வேண்டிய செய்தி. பிழையாக ஓதுபவரின் குரலைக் காதால் கேட்டவர்களே புள்ளியை வைத்தனர்.

இதே வழியில்தான் பாரசீகர் தம் பகரத்துக்கு மூன்று புள்ளியிட்டனர். மலாய் மக்கள் ஜாவி எழுத்தை அமைத்துக்கொண்டனர். நம் முன்னோரும் அரபியின் 28 எழுத்துகளோடு, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளி சேர்த்த எழுத்துகளை அமைத்து, அரபுத் தமிழ் எனப்படும் அர்வியை ஆக்கினர். கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பேரறிஞர்கள் மார்க்கச் சட்டத்தையும் பாடலையும் அதில் வடித்தனர். தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்கள் அர்வியைச் சரளமாகப் படித்தனர். எந்த அரசும் அதற்கு ஆணை பிறப்பிக்கவில்லை; எந்த வணிகரும் அதனை விற்கவில்லை. சமுதாயமே வகுத்து, சமுதாயமே காத்த நியமம் அது.

அச்சு வந்தபோது

அச்சுக்கூடம் வந்தபோது நியமம் வகுக்கும் அதிகாரம் இடம் மாறத் தொடங்கியது. ஈய அச்சு வார்ப்பவனிடம் எந்த எழுத்து இருக்கிறதோ அந்த எழுத்தே புத்தகத்தில் வரும். கெய்ரோவை அடுத்த பூலாக் அரசு அச்சகம் 19ஆம் நூற்றாண்டில் அரபு அச்சுக்கே அளவுகோலாக விளங்கியது. 1924இல் எகிப்தில் அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து ஒழுங்கு செய்த முஸ்ஹஃப் வெளிவந்தது. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் முஹம்மது இப்னு அலீ அல்ஹுசைனீ அல்ஹத்தாத். வாசகம் ஒன்றே, ஆயினும், நிறுத்தக் குறிகளையும் எழுத்துமுறை நுணுக்கங்களையும் அப்பதிப்பு தன் முறைப்படி அமைத்தது. அரபு நாடுகளில் அதுவே பெரிதும் பரவியது. நம் துணைக்கண்டத்தில் கல்லச்சு வழியே வேரூன்றிய வேறொரு மரபு தொடர்ந்தது. நாம் முதலில் சொன்ன ஐனும் ஸக்தாவும் இந்த இரண்டாம் மரபின் முகங்கள்.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்க. பின்னால் கணினி வந்தபோது முதலில் எண் பெற்றவை பெரும்பாலும் எகிப்திய மரபின் குறிகளே. துணைக்கண்டத்துக் குறிகள் வாசலில் காத்து நின்றன. யாரும் பகைமையால் விலக்கவில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் முன்னே எந்த முஸ்ஹஃப் விரிந்திருந்ததோ அதுவே பட்டியலாயிற்று!

நிறுவனங்களின் காலம்

1963இல் அமெரிக்காவில் ஆஸ்கி என்னும் நியமம் வெளிவந்தது. அதில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி, இயந்திரத்துக்கான கட்டளைகள் ஆகியவற்றோடு இடம் தீர்ந்தது. உலகின் ஏனைய மொழிகள் வந்தால் எங்கே அமர்வது என்ற வினா அன்று எழவில்லை.

அரபு நாடுகள் தமக்கென ஒரு பொதுத் தர நிர்ணய அமைப்பை வைத்திருந்தன. அது வகுத்த அஸ்மோ 708 என்னும் அட்டவணை, 1987இல் ஐ.எஸ்.ஓ. 8859-6 என்னும் அனைத்துலக நியமத்துக்கு அடிப்படையாயிற்று. அரசுகள் கூடி ஏற்ற நியமம். முறைப்படி பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால், அதில் அரபி மொழியின் எழுத்துகள் மட்டுமே இருந்தன. பாரசீகத்தின் ‘பே’ இல்லை, ‘சே’ இல்லை, ‘காஃப்’ என்னும் ககர வல்லொலி எழுத்தும் இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனமோ தன் விண்டோஸுக்காக 1256 என்னும் வேறோர் அட்டவணையைப் போட்டது. அது அனைத்துலக நியமத்தோடு பொருந்தாதது. ஆயினும், பாரசீக எழுத்துகள் அதில் இருந்தன.

இங்கே நாம் நேர்மையோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அரசுகளின் அவை அயலாரின் எழுத்தை மறந்தது. ஆதாயம் தேடும் நிறுவனம் நினைவில் வைத்தது. ஏன்? ஈரானிலும் கணினி விற்க வேண்டியிருந்தது என்பதே விடை. வாங்குவோர் இருக்கும் வரை வணிகனுக்கு நினைவாற்றல் மிகுதி. ஆனால், அர்விக்கு வாங்குவோர் யார்? பாட்டியின் பெட்டியில் உறங்கும் ஏடுகளுக்குச் சந்தை ஏது? ஆகவே, அரசுகளின் அட்டவணையிலும் அர்வி இல்லை. நிறுவனத்தின் அட்டவணையிலும் இல்லை.

தமிழின் அனுபவம்

தமிழின் கதை இதனினும் குழப்பமானது. 1990களின் நடுவில், நாம் இளம் ஆசிரியராக இருந்த மதரஸாவின் ஆண்டு மலரைக் கணினியில் அச்சுக் கோத்தோம். ஓர் அச்சகத்தில் தட்டெழுதிய வட்டைச் செலவு கருதி இன்னோர் அச்சகத்துக்குக் கொண்டுபோனோம். திரையில் வந்தது தமிழே அன்று. சிலுவையும் கொக்கியும் டாலர் குறியுமாக ஏதோ ஒன்று. இரண்டு அச்சகத்தாரும் வெவ்வேறு எழுத்துரு விற்பனையாளரிடம் வாங்கியிருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி ‘அ’வுக்கு எண் கொடுத்திருந்தனர். நாற்பது பக்கங்களையும் மீண்டும் தட்டெழுத நேர்ந்தது. அக்காலத்தில் தமிழ் அச்சுத் தொழிலில் இருந்தவர்க்கெல்லாம் இத்துயரம் தெரியும்.

இதற்குப் பரிகாரம் தேடிப் புறப்பட்டவர்களில் முன்னின்றோர் பெரு நிறுவனத்தார் அல்லர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாக வழங்கினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். அதே காலத்தில் பல நாட்டுத் தமிழரும் மின்னஞ்சல் வழியே வாதாடி, டிஸ்கி என்னும் பொதுக் குறிமுறையை உருவாக்கினர். சம்பளம் பெறாத, பதவி இல்லாத ஆர்வலர்கள் கூடி ஒரு மொழிக்கு நியமம் வகுத்த நிகழ்ச்சி அது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கியதும் இவ்வுழைப்பின் துணைகொண்டே.

ஆனால் சமுதாயம் என்பதும் ஒரு குரல் அன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டுக்குப் பின், தமிழ்நாடு அரசு டாப், டாம் என்னும் வேறு இரண்டு குறிமுறைகளை ஏற்றது. டிஸ்கி ஒரு பக்கம். டாப், டாம் மறு பக்கம். இரு தரப்பும் தம் கட்சிக்கு நியாயம் கூறிக்கொண்டிருந்தன. அந்நேரத்தில் விண்டோஸ் 2000 வெளிவந்தது. அதில் ‘லதா’ என்னும் தமிழ் எழுத்துரு இருந்தது. அது டிஸ்கியும் அன்று, டாபும் அன்று, யூனிகோடு என்னும் ஒருங்குறி! நாம் வாதத்தில் இருந்தோம். பெட்டி கடைக்கு வந்துவிட்டது. வழக்கின் தீர்ப்பைப் பெட்டியே எழுதியது எனின் மிகையன்று.

ஒருங்குறியின் மேசை

1988இல் ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோ பெக்கர், உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே வரிசையில் எண் கொடுக்கலாம் என்று ஒரு வரைவு எழுதினார். ஜெராக்ஸ், ஆப்பிள் முதலிய நிறுவனத்தாரின் முயற்சியால் 1991 ஜனவரியில் கலிபோர்னியாவில் யூனிகோடு கூட்டமைப்பு பதிவாயிற்று. அதே காலத்தில் உலக நாடுகளின் தர நிர்ணய அமைப்பான ஐ.எஸ்.ஓ. தானும் ஒரு பொது நியமத்தை வரைந்துகொண்டிருந்தது. அவ்வரைவு 1991இல் வாக்கெடுப்பில் தோற்றது. பின்னர் இரு தரப்பும் இணங்கி ஒரே அட்டவணையை ஏற்றன. அதுமுதல் ஒரு புது எழுத்து இரண்டு வாசல்களைக் கடக்க வேண்டும்: ஒன்று நிறுவனங்கள் நிறைந்த யூனிகோடு, மற்றொன்று நாடுகள் அமர்ந்த ஐ.எஸ்.ஓ.

யூனிகோடு கூட்டமைப்பில் வாக்குரிமை, பெருங்கட்டணம் செலுத்தும் உறுப்பினர்க்கு உரியது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களே அவ்வரிசையில் மிகுதி. ஆனால், அந்த அவையின் இன்னொரு விதியையும் மறைக்கலாகாது. வாக்குரிமை இல்லாத எவரும், ஒரு காசும் செலுத்தாமல், ஓர் எழுத்துக்கு எண் கேட்டு முன்மொழிவு எழுதலாம். அச்சிட்ட நூலிலோ ஏட்டிலோ அவ்வெழுத்து வழங்கியதற்குப் படத்தோடு சான்று காட்ட வேண்டும். அம்முன்மொழிவுகள் யாவரும் படிக்கப் பொதுவில் வைக்கப்படுகின்றன.

நியமம் வகுப்போரிடம் ஒரு கடுமையான உறுதியும் உண்டு. 1996இல் வந்த இரண்டாம் பதிப்புக்குப் பின், ஒருமுறை கொடுத்த எண்ணைத் திரும்பப் பெறுவதில்லை, இடம் மாற்றுவதில்லை, பெயரையும் திருத்துவதில்லை. உலகெங்கும் எழுதப்பட்டுவிட்ட ஆவணங்கள் கெட்டுவிடலாகாது என்பதே காரணம். காரணம் நல்லதே. ஆனால், பிழை புகுந்தால் அதுவும் நிலைத்துவிடும். நாம் ‘ஃபாத்திமா’ என்றும் ‘முஸ்ஹஃப்’ என்றும் எழுதக் கைக்கொள்ளும் ஆய்த எழுத்தையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடு பட்டியலில் அதன் ஆங்கிலப் பெயர் ‘தமிழ் விசர்கக் குறி’! தமிழில் விசர்கம் ஏது? இந்திய அரசின் இஸ்கி என்னும் குறிமுறை, தேவநாகரியை அச்சாக வைத்து ஏனைய இந்திய எழுத்துகளையும் வார்த்தது. அந்த வார்ப்பையே யூனிகோடு எடுத்துக்கொண்டது. தொல்காப்பியம் படித்த ஒருவர் அன்று அம்மேசையருகே நின்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். இன்று யார் சொன்னாலும் பெயர் மாறாது.

தமிழ் எழுத்துகளுக்கு இன்னும் விரிந்த இடம் வேண்டும் என்று கருதியோர் டேஸ் 16 என்னும் குறிமுறையை அமைத்தனர். 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ்நாடு அரசு யூனிகோடையும் அதனோடு டேஸ் 16ஐயும் நியமமாக அறிவித்தது. ஆயினும், உலகக் கணினிகளும் கைப்பேசிகளும் யூனிகோடையே பேசுகின்றன. பரவலாகக் கொண்டு சேர்க்கும் ஆற்றல் நிறுவனங்களின் கையில் இருக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கேட்டவர்க்குக் கிடைத்தது

அப்படியானால் சமுதாயம் கைகட்டி நிற்க வேண்டியதுதானா? இல்லை என்பதற்கு நான்கு நிகழ்ச்சிகளைக் காட்டுவோம்.

முதலாவது, நாம் தொடக்கத்தில் கண்ட குறிகள். ‘தோ’ என்னும் நிறுத்தக் குறி 2003இலேயே இடம்பெற்றது. ஆனால் சிறிய ஐனும், ஸக்தாவும், வக்ஃபாவும், ருபுஉ, நிஸ்ஃப், ஸலாஸா ஆகியனவும் நின்றுபோயின. துணைக்கண்டத்தில் அச்சான முஸ்ஹஃபின் பக்கங்களைச் சான்றாக இணைத்து முன்மொழிவு எழுதப்பட்ட பின்னரே, 2016இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பில் அவை எண் பெற்றன. நம் வீடுகளில் இருக்கும் அச்சுப் பக்கத்தைப் போன்ற ஒரு பக்கமே அந்த அவையில் சாட்சி சொல்லிற்று.

இரண்டாவது, ஓமன் நாட்டின் வக்ஃபு மற்றும் சமய விவகார அமைச்சகம். முஸ்ஹஃபைக் கணினியில் செம்மையாகக் கொண்டுவர விரும்பிய அவ்வமைச்சகம், வெளியில் நின்று குறை கூறவில்லை. 2010களில் கட்டணம் செலுத்தி, வாக்குரிமை உள்ள முழு உறுப்பினராகப் பெரு நிறுவனங்களின் வரிசையிலேயே அமர்ந்தது.

மூன்றாவது, கிரந்தம் பற்றிய வழக்கு. கிரந்த எழுத்துக்கு யூனிகோடில் தனியிடம் தரும்போது, எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழுக்கே உரிய ஐந்து எழுத்துகளையும் கிரந்தத்தில் சேர்க்கலாம் என்று ஒரு முன்மொழிவு சென்றது. 2010இல் தமிழறிஞர்கள் எதிர்ப்பு எழுப்பினர். தமிழ்நாடு அரசு நடுவண் அரசுக்கு எழுதியது, முடிவு ஒத்திவைக்கப்பட்டது. 2014இல் கிரந்தம் எண் பெற்றபோது அந்த ஐந்து எழுத்துகளும் அதில் இல்லை. காலத்தே எழுந்த குரல் எண் இடுவதற்கு முன் சென்று சேர்ந்தது. எண் இட்ட பின் எழுந்திருந்தால் ஆய்தத்தின் கதையே இதற்கும் நேர்ந்திருக்கும்.

நான்காவது நிகழ்ச்சி, கைத்தொழிலாளரைப் பற்றியது. எகிப்தைச் சேர்ந்த காலித் ஹுஸ்னீ, பழைய பூலாக் அச்சகத்தின் அழகிய எழுத்தைத் தழுவி ‘அமீரீ’ என்னும் எழுத்துருவை ஆக்கி, யாவரும் இலவசமாகப் பயன்படுத்தத் திறந்து வைத்தார். எழுத்துகளைத் தொடுத்து வடிவு தரும் ‘ஹர்ஃப்பாஸ்’ என்னும் மென்பொருளும் யாவர்க்கும் திறந்த முயற்சியாகவே வளர்ந்தது. ஹர்ஃப் என்றால் எழுத்து. பாஸ் என்றால் பாரசீகத்தில் திறந்தது. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளும் அதனைக் கொண்டே எழுத்துகளைக் கோக்கின்றன. சமுதாயம் செய்ததை நிறுவனம் எடுத்துக்கொண்டு உலகெங்கும் பரப்பியது.

இந்நான்கையும் ஒருசேர நோக்கினால் உண்மை புலனாகும். பரப்பும் வலிமை நிறுவனத்திடம் இருக்கிறது. எந்தப் புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்னும் அறிவு சமுதாயத்திடம் இருக்கிறது. வலிமையை அறிவு நாடிச் சென்ற இடங்களில் எழுத்து பிழைத்தது. அறிவு வீட்டிலேயே அமர்ந்து வலிமையை ஏசிக்கொண்டிருந்த இடங்களில் எழுத்து இழப்புக்கு உள்ளாயிற்று. சான்று இல்லாத கோபத்தை அந்த அவை கேட்பதில்லை; சான்றோடு வந்த ஏழையை அது திருப்பி அனுப்பியதும் அரிது. சிறு சமுதாயங்கள் அவ்வகைச் சான்றைத் திரட்டத் துணைபுரிவதற்கென்றே 2002இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது என்பதும் கருதத்தக்கது.

அர்வியின் வாசல்

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2015 ஜூனில் வெளிவந்த யூனிகோடு எட்டாம் பதிப்பின் அறிவிப்பில், அரபு எழுத்தில் எழுதப்படும் தமிழாகிய அர்விக்குத் துணையாக அரபு எழுத்துகள் சேர்க்கப்பட்டன என்ற செய்தி இருந்தது. காஃபின் கீழே ஒற்றைப் புள்ளி வைத்த எழுத்து அவற்றுள் ஒன்று. வேறு மொழிகளுக்கென முன்பே எண் பெற்றிருந்த புள்ளியிட்ட எழுத்துகள் சிலவும் அர்விக்குப் பொருந்தின. சந்தையே இல்லாத நம் பாட்டிமார் எழுத்துக்கு உலக நியமத்தில் இடம் கிடைத்தது! அச்செய்தி நம் ஊர்களில் எத்தனை பேருக்கு எட்டியது? எத்தனை மதரஸாக்களில் பேசப்பட்டது? அன்று நமக்கும் அது தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

எண் கிடைத்தது வாசல் திறந்ததற்கு ஒப்பாகும். உள்ளே நடக்க வேண்டியவர் நாம். அப்புள்ளிகளை ஒழுங்காகக் காட்டும் எழுத்துரு வேண்டும்; தட்டெழுத விசைப்பலகை வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய நூலைப் படித்துப் பெயர்த்தெழுத ஆள் வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த 16ஆம் பதிப்பில் 1,54,998 எழுத்துகளும் குறிகளும் எண் பெற்றுள்ளன. அவற்றுள் வழங்குவார் இல்லாமல் எண்ணோடு மட்டும் நிற்கும் எழுத்துகளும் உண்டு. அர்வியும் அவ்வரிசையில் சேர வேண்டுமா?

சில ஆண்டுகளுக்கு முன், நம் பாட்டியார் ஓதிவந்த அர்வி நூல் ஒன்றை மாணவர் இருவரைக் கொண்டு கணினியில் ஏற்ற முயன்றோம். முதல் பக்கம் எளிதாகவே நடந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு சொல்லில் மாணவர் நின்றுவிட்டனர். எழுத்தின் கீழே தெரிவது அச்சிட்ட புள்ளியா, பூச்சி அரித்த துளையா? புள்ளியானால் ஓர் எழுத்து. துளையானால் வேறோர் எழுத்து. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், தெளிவு பிறக்கவில்லை. அடுத்த தெருவில் எண்பது வயதைக் கடந்த எங்கள் மாமி ஒருவர் இருந்தார். கண் மங்கியவர், பக்கத்தைப் பார்க்கவும் இயலாது. முந்திய அடியை நாம் படித்துக் காட்டினோம். அவர் அடுத்த அடியை இராகத்தோடு ஓதினார். அந்தச் சொல் வந்தது. அது புள்ளிதான்.

அந்த மாமியார் இன்று இல்லை. அந்நூலில் இன்னும் எழுபது பக்கங்கள் இருக்கின்றன.

புள்ளியையும் துளையையும் பிரித்தறியும் ஆற்றல் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. அதனை அவர்களிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று. அது நம்மிடம் இருந்தது. இன்னும் சிலரிடம் எஞ்சியிருக்கிறது. ஆகவே இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பத்தாரிடம் நாம் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. பரணிலோ பெட்டியிலோ அர்வி நூல் இருந்தால் எடுத்துத் தூசு தட்டுங்கள். அதன் பெயரையும், அச்சான ஊரையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். பக்கங்களைப் படம் எடுத்து, அருகிலுள்ள மதரஸாவின் நூலகத்தில் ஒரு படி சேருங்கள். வீட்டில் அதனைப் படிக்கவோ பாடவோ வல்ல முதியவர் இருந்தால், இந்த வாரமே அவர் அருகில் அமர்ந்து அவர் ஓதுவதைப் பதிவு செய்யுங்கள். மதரஸா ஆசிரியப் பெருமக்கள், நாம் உட்பட, வாரத்தில் ஒரு மணி நேரமேனும் மாணவர்க்கு அர்வி படிக்கச் சொல்லிக்கொடுப்போமாக.

எழுத்துக்கு எண் இட்டவர் யார் என்று கேட்டோம். எண்ணை அவர்கள் இட்டார்கள். புள்ளி இன்னதென்று சொல்ல வேண்டியவர் நாம்.